ஆறட்டும்

திண்டுக்கல் பைபாஸில் அந்த வண்டியைப் பார்த்ததும்
பானட்டைத் திறக்கவில்லை நான்.
பின்னால் போய்க் குனிந்து
இழுவைக் கொக்கியைத் தடவினேன்.
பெயின்ட் போய், பளபளவென்று,
பல வருஷம் போட்ட மெட்டியின் உள்பக்கம் மாதிரி.

"எதையுமே இழுத்ததில்ல. டாக்டர் வண்டி, ஒரே கை"
என்றார் புரோக்கர் சிக்கந்தர்.
கொக்கி வேறு சொன்னது.

கீழே படுத்து கியர்பாக்ஸின் திருகைத் தளர்த்தி
காகிதத்தில் ஒரு சொட்டு வாங்கினேன்.
மாதுளைச் சாறு என்றால் யோசிக்க வேண்டாம்.
தீய்ந்த வாடை என்றால் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறலாம்.
இது இரண்டுமில்லை.
புளிக்கரைசல்.
ஆறு லட்சத்து நாற்பதுக்குப் புளிக்கரைசல்.

கிளச் மிதிக்க எனக்கு இடது கால் இல்லை.
மச்சூர்ப் பள்ளத்தில் விஞ்ச் கம்பி அறுந்த அன்றிலிருந்து
முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
தானே கியர் மாற்றும் வண்டிதான் வேண்டும்,
டீசல்தான் வேண்டும்,
புதுசு வாங்கக் காசில்லை.
தேர்ந்தெடுத்தேன் என்று எப்படிச் சொல்ல?

"கால் போன ஆளுக்கு கியர் போற வண்டி.
பொருத்தம் பாக்கவே வேணாம்" என்றாள் பிலோமி,
பட்டர் ஃப்ரூட் குத்தகைப் பணத்தை எண்ணிக்கொண்டே.

வத்தலக்குண்டு மொக்கச்சாமி
எண்ணெய் குளிர்விக்க இன்னொரு ரேடியேட்டர் வைத்தார்,
எந்தக் கார் செத்ததிலிருந்து எடுத்ததோ.
"மத்த கியர்பாக்ஸ் சாகுறதுக்கு முன்னாடி கத்தும்ப்பா.
இது கத்தாது. வழுக்கும்.
ஒருநாள் இன்ஜின் ஓடும், வண்டி நிக்கும்.
அவ்வளவுதான்."

பதினொன்றரைக்குப் போன்.
டம்டம் பாறைக்குக் கீழே ஆக்சில் உடைந்த வேன்.
உள்ளே கல்யாணச் சமையலின் மொத்த அண்டாக்களும்
நான்கு ஆட்களும் ஒரு மாஸ்டரும்.
பெருமாள்மலையில் காலை ஆறுக்கு முகூர்த்தம்.

ஏறினோம்.
இரண்டா மூன்றா என்று அது தனக்குள் வாதாடுவது
சீட்டுக்கு அடியில் கேட்டது.
இரண்டிலேயே பூட்டினேன்.
ஏழாவது வளைவில்
இன்ஜின் குரல் உயர்ந்தது, சக்கரம் உயரவில்லை.
அரை நொடி.
அந்த அரை நொடியில் என்னிடம் இல்லாத கால்
இல்லாத கிளச்சைத் தேடி மிதித்தது.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

முதலில் ஹேண்ட் பிரேக். பிறகு சக்கரத்துக்குக் கட்டை.
கடைசியில்தான் கியரை எடுத்தேன்.
இன்ஜினை அணைக்கவில்லை;
எண்ணெய் சுற்றினால்தான் சூடு இறங்கும்.

"என்னாச்சு?" மாஸ்டர் வரதன் துண்டை உதறி வந்தார்.
"சூடாயிருச்சு. ஆறட்டும்."
"எவ்வளவு நேரம்?"
"ஆக்கப் பொறுத்தா ஆறப் பொறுக்கணுமில்ல."
"அத எனக்கே சொல்றியா?" என்றார். சிரிக்கவில்லை.

ஆனால் சிலிண்டரை இறக்கச் சொன்னார்.
இருநூறு பேருக்கான அண்டாவின் அடியில்
ஆறு டீ கொதித்தது,
குளத்தில் கிடக்கும் காசு மாதிரி.
பனி ஏறி வந்து எங்கள் கால்களை மறைத்தது,
என் இரண்டையும் ஒரே மாதிரி.
"இந்த வண்டிய நம்பலாமா?" என்றான் பாத்திரம் கழுவும் பையன்.
டீயைக் குடித்தேன்.
நம்புவதாக இருந்தால்
கட்டை எதற்கு, இரண்டாவது ரேடியேட்டர் எதற்கு,
காதை ஏன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
நம்பாமல் இருந்தால்
இங்கே எப்படி வந்தேன்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் விளக்கு அணைந்தது.
மண்டபத்தை அடைந்தபோது இரண்டே முக்கால்.
மாஸ்டர் ஐந்நூறு குறைத்துக் கொடுத்து,
டீக்கு என்றார்.

விடிந்ததும் படுத்து இன்னொரு சொட்டு எடுத்தேன்.
காலண்டர் தாளில் தேதி போட்டு
முந்தைய சொட்டுக்குப் பக்கத்தில்.
"இன்னும் செவப்புதான்" என்றாள் பிலோமி.
"பழுப்பு" என்றேன்.
ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தோம்.
வெயில் இன்னும் சரியாக வரவில்லை.
போன் அடித்தது.